துணி விரிக்காத மேசைகள்

நான் இந்தத் தொழிலை விடவில்லை, பிள்ளைகளே. என் இடது முழங்கால்தான் விட்டது. ஒரு கோடை மத்தியானம், இரண்டு கையிலும் பியர்க் குவளைகளோடு தோட்டத்தின் நடுவில் நான் நின்றபோது, இனி ஏலாது என்று அது முடிவாகச் சொல்லிவிட்டது. மற்ற உறுப்புகள் எல்லாம் இன்னும் வேலை கேட்கின்றன. வாய்தான் கூடக் கேட்கிறது. அதனால் இந்த எழுத்து வேலையை அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

ஹோட்டல், உணவகம் என்று அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கியிருக்கிற நீங்கள், என்னைக் கண்டால் "அண்ணை, அனுபவத்தில ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்கிறீர்கள். தட்டை எப்படி ஏந்துவது, வைனை எந்தப் பக்கத்தால் ஊற்றுவது என்பதெல்லாம் உங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள். அதில் எனக்கு அவர்களோடு போட்டியில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான்: பதறுவது. இந்த நாட்டில் என்னளவுக்குத் திறமாகப் பதறிய வெயிற்றர் வேறு இருக்கமாட்டான்.

பதறினால் எனக்கு இரண்டு விஷயம் நடக்கும். முதலாவது, ஜேர்மன் மொழி என்னை விட்டு ஓடிவிடும். எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்பேன். வயதான விருந்தினர் சிலர், இந்தப் பெடியன் தியானத்தில் இருக்கிறான் என்று நினைத்து மரியாதையோடு குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இரண்டாவது, என் கால்கள் என்னைக் கேட்காமலே நிலவறைக்கு இறங்கிவிடும். அங்கே குளிராக, இருட்டாக, ஒருவரும் ஒன்றும் கேட்காத இடத்தில் பியர்ப் பீப்பாய்கள் இருக்கும். பீப்பாய்கள் நல்ல சனம்.

இடத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பவேரியாவில், வானம் தெளிந்தால் மட்டும் அல்ப்ஸ் மலை தெரிகிற ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய சத்திரம். தபால் வண்டிகள் குதிரை மாற்றிக்கொண்ட காலத்தில் கட்டியது. வண்டி உள்ளே வருகிற பெரிய வளைவு வாசல் அப்படியே இருந்தது. வளைவுக்கு இடப்பக்கம் சாப்பாட்டு அறை, வலப்பக்கம் விசேஷங்களுக்கான மண்டபம், நேரே போனால் தோட்டம். தோட்டத்தில் கிழட்டு செஸ்நட் மரங்கள். மரங்களுக்குக் கீழே நிலவறை, நிலவறையில் பியர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பியர் சூடாகக் கூடாதென்று மேலே நிழல்மரம் நட்டார்களாம். பிறகு அந்த நிழலில் சனம் வந்து குந்திவிட்டது. பியர்த் தோட்டம் பிறந்த கதை அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் "தோட்டத்தில வேலை" என்று சொன்னேன். "என்ன போட்டிருக்கினம், வெங்காயமோ?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். அதுவும் பதற்றத்தில் வந்த ஓம்தான்.

இன்னொன்று. அந்த ஊர்ச் சனம் கதைப்பது பவேரிய ஜேர்மன். அது மற்ற ஜேர்மன்காரருக்கே விளங்காது. நாங்கள் கதைக்கும்போது சென்னையில் இருந்து வந்த ஆட்கள் முழிப்பார்களே, அப்படித்தான் அவர்களும் முழிப்பார்கள். ஆகவே ஊர்க்காரர் சொன்னதையெல்லாம் நான் யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதுகிறேன். இதைவிட நேர்மையான மொழிபெயர்ப்பு கிடையாது.

நான் முதலில் அங்கே சட்டி பானை கழுவினேன். என்னோடு அடுப்படியில் மன்னார் அண்ணை ஒருவர் கோழி பொரித்தார். வெளியே தோட்டத்துக்குப் பொறுப்பு ஒரு மூத்த வெயிற்றர் அம்மா. நான் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் பெரியக்கா. ஒரு கையில் ஆறு லீற்றர்க் குவளை தூக்குவார். மற்றக் கை என்னைத் தள்ளுவதற்கு. ஒரு கோடையில் வெளியே ஆள் போதாமல் போகவே என்னைக் கழுவித் துடைத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

முதல் நாளே நான் கண்ட காட்சியில் என் மானம் போய்விட்டது.

மரத்தடியில் ஒரு குடும்பம் வந்து இருந்தது. கூடையைத் திறந்தது. பாண், சீஸ், சுருள் சுருளாகச் சீவிய வெள்ளை முள்ளங்கி, அவித்த முட்டை, கத்தி, உப்புக்குப்பி என்று எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, எங்களிடம் பியர் மட்டும் வாங்கிக்கொண்டு சாப்பிடத் தொடங்கியது. நினைத்துப் பாருங்கள். எங்கட வீட்டுக்கு வந்த ஆள் எங்களுக்கு முன்னால் சோற்றுப் பார்சலை அவிழ்த்தால், அந்த வீட்டுக்காரி பிறகு சனத்துக்கு முன்னால் முகம் காட்டுவாவோ?

அடுப்படிக்கு ஓடினேன்.

"அண்ணை, சனம் சாப்பாடு கட்டிக்கொண்டு வருது. எங்கட சமையல் அவ்வளவு மோசமோ?"

"நான் கோழியைப் பொரிக்கிறன்," என்றார் மன்னார் அண்ணை. "பொரிச்ச பிறகு அதின்ர முகத்தைப் பாக்கிறதில்லை."

அவரிடம் உதவி கிடைக்காது என்று தெரிந்ததும் நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். வீட்டோடு ஒட்டிய மேசைகளில் சிவப்புக் கட்டத் துணி விரித்திருந்தது. அங்கே இருந்தவர்கள் ஒழுங்காக எங்கள் சாப்பாட்டைக் கேட்டுச் சாப்பிட்டார்கள். மரத்தடி மேசைகள் வெறும் பலகை. கூடைக்காரர் எல்லாம் அங்கேதான். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது: இது கோபம். எங்களுக்கு மட்டும் துணி இல்லையோ என்ற கோபம். மரியாதை குறைந்த இடத்தில் எந்த மனிசன் கைநனைப்பான்?

அடுத்த நாள் ஊர் மாதா கோயில் பெருநாள். விடியவே வந்து, அலுமாரியில் இருந்த துணி எல்லாவற்றையும் எடுத்து, மரத்தடி மேசைகள் அத்தனைக்கும் விரித்தேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒரு பழைய சத்திரத்தின் மானத்தை ஒரு யாழ்ப்பாணத்தான் காப்பாற்றிவிட்டான் என்ற பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து சனம் வந்தது. கூடைகளோடு வந்தது. துணியைக் கண்டது. நின்றது.

ஒருவரும் சத்தம் போடவில்லை. வாகனமே வராத தெருவில் சிவப்பு லைற்றுக்கு நிற்கிற சனமல்லவா? வளைவு வாசலில் முன்னுக்கு வந்தவர்கள் நிற்க, பின்னால் வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்க, கூடைகளும் பிள்ளைகளும் நாய்களுமாக வாசல் அடைபட்டுப் போனது. உள்ளே அழகான வெறுந்தோட்டம். நான் "வாங்கோ, வாங்கோ" என்று கைகாட்டுகிறேன். அவர்கள் துணியைப் பார்க்கிறார்கள், கூடையைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். சிலர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

பெரியக்கா வந்தார். என்னைத் தாண்டிப் போய், முதல் மேசைத் துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுவை. துணி மேசையை விட்டு மின்னல் மாதிரிப் போனது. அடுத்த மேசை. அடுத்தது. ஒவ்வொரு துணி போகப் போக வாசலில் இருந்து ஒரு குடும்பம் உள்ளே வந்து, மூச்சு விட்டு, இருந்தது.

"கேள் பெடியா," என்றார் பெரியக்கா, துணிகளை என் தலையில் போடாத குறையாக. "பழைய காலத்தில பியர் காய்ச்சிறவன் தோட்டத்தில பியர் விக்கலாம், சாப்பாடு விக்கக்கூடாது எண்டு ஒரு ராசா சொன்னவர். சனம் தன்ர சாப்பாட்டோட வரப் பழகிட்டுது. ராசா செத்துப்போனார். கூடை சாகேல்லை. துணி இருந்தா அது எங்கட மேசை. துணி இல்லாட்டி அது அவையின்ர மேசை. விளங்கிச்சோ?"

"ஓம்," என்றேன். பிறகு நிலவறைக்குப் போனேன்.

இதில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. விருந்தினருக்கு நல்லது செய்ய வெளிக்கிட முதல், அவர்கள் ஏற்கெனவே நல்லாய்த்தான் இருக்கிறார்களா என்று ஒருக்கால் எட்டிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அவர்களுக்கு நாங்கள் பியர் கொண்டு வந்தால் போதும்.

இந்தச் சாதனைக்குப் பிறகும் என்னை வெளியே வைத்திருந்தார்கள் என்றால், அந்த ஊரில் ஆள் தட்டுப்பாடு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடை போனது. மூன்றாவதில் பெரியக்கா நிலவறைப் படியில் சறுக்கிக் காலை முறித்தார். அதோடு, இலையுதிர் காலத்தில் வேலையை விட்டுவிட்டு மகளோடு போய் இருக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சத்திரத்து முதலாளியம்மா ஒரு கல்யாணத்துக்கு வெளிக்கிட்டு நின்றார். சொந்தக்காரர் கல்யாணம், அடுத்த பள்ளத்தாக்கில் வேறொரு சத்திரத்தில். பச்சைப் பட்டுச் சட்டை, முத்துமாலை, கையில் பெரிய தோற்பை. அடுப்படிக்கு வந்து, தடித்த கறுப்புப் பாணுக்குள் சீஸும் வெள்ளரி ஊறுகாயும் வைத்துக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"கல்யாணத்துக்குத்தானே போறியள்?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குத்தான் போறன். அவன்ர சமையலுக்குப் போகேல்லை. அவன்ர குழம்பை நம்பி நான் வயித்தைக் குடுக்கமாட்டன்." பையைப் பூட்டினார். "இண்டைக்குத் தோட்டமும் மண்டபமும் உன்ர பொறுப்பு. காலை முறிச்சவ போன பிறகு தோட்டத்தை உன்னட்டைக் குடுக்கிறதோ, வெளியில ஆரையும் தேடுறதோ எண்டு திரும்பி வந்து பாத்துச் சொல்லுறன்."

"வெளியில தேடினா நான்?"

"அடுப்படியில சட்டி இருக்குத்தானே."

பிறகு வெளியே வந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி மண்டப வாசலில் இருந்த பெரியக்காவைப் பார்த்து விரலை நீட்டினார். "நீ பாக்கலாம். வாயைத் திறக்கக்கூடாது. இவன் தானே யோசிக்கட்டும்."

பெரியக்கா தலையாட்டினார். சொன்ன சொல் தவறாத மனுசி. அன்றைக்கு நான் அதற்காக அவரை எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது.

மண்டபத்தில் அன்று பொன்விழாக் கல்யாணம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரும் அவருடைய மனைவியும் மணமுடித்து ஐம்பது வருடம். நீட்டு நீட்டு மேசைகளில் வெள்ளைத் துணி, துணியின்மேல் வெள்ளைத் தட்டுகள். பாதிச் சொந்தம் வந்து இருந்துவிட்டது. மற்றப் பாதி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்து பஸ்ஸில் வருகிறது. அது வந்ததும் சாப்பாடு. ஸ்டேஷன் மாஸ்டர் வாசலையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் வண்டிக்குக் காத்திருந்த மனிசனுக்குப் பழக்கம் போகுமா?

வெளியே தோட்டம் நிறைந்து வழிந்தது. மேற்கே வானம் மஞ்சளாகி, பிறகு புளித்த திராட்சை நிறமானது. செஸ்நட் இலைகள் வயிற்றைத் திருப்பிக் காட்டின. அப்போது தொலைபேசி அடித்தது. கைபேசி எங்களிடம் இல்லாத காலம்; பியர் ஊற்றும் மேடைக்குப் பக்கத்தில் சுவரில் ஒன்று தொங்கும். எடுத்தேன். பஸ்காரன். ஆற்றங்கரை ரோட்டில் மரம் விழுந்துவிட்டது, போலீஸ் திருப்பி அனுப்புகிறது, பஸ் வராது.

"ஓம்," என்றேன்.

அரை மண்டபம் வெறுமை. அதை அந்தக் கிழவரிடம் எப்படிச் சொல்வது என்று ஜேர்மன் வசனம் ஒன்றை மனதுக்குள் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் ஆலங்கட்டி விழத் தொடங்கியது.

துணி மேசைக்காரர் தட்டையும் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் ஓடினார்கள். அது சின்ன அறை, உடனே நிரம்பிவிட்டது. கூடைக்காரர் வளைவு வாசலுக்குள் ஓடி வந்தார்கள். வந்து, அங்கேயே நின்றார்கள். வளைவுக்கு இரண்டு பக்கமும் திறப்பு. காற்று ஒரு பக்கத்தால் ஆலங்கட்டியை அள்ளிக்கொண்டு வந்து மற்றப் பக்கத்தால் கொட்டியது. நனைந்த கூடைகள், நனைந்த நாய்கள், வீரிட்டு அழுகிற ஒரு கைக்குழந்தை. அவர்களுக்குப் பக்கத்திலேயே மண்டபக் கதவு. திறந்த கதவு. உள்ளே அரை மண்டபம் காலி. ஒருவராவது உள்ளே கால் வைக்க வேண்டுமே! கையில் சொந்தச் சாப்பாடு. உள்ளே வெள்ளைத் துணி. முடிந்தது.

பெரியக்காவைப் பார்த்தேன். பிறெட்சல் என்ற முறுக்குப் பாணை மெல்ல மெல்லக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

என் கால்கள் நிலவறைக்குப் போய்விட்டன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பெரிய பீப்பாயின் கழுத்தில் கைபோட்டபடி நின்றேன். படியில் சப்பாத்துச் சத்தம். மன்னார் அண்ணை, கையில் கோழி குத்துகிற நீட்டு முள்ளோடு.

"டேய், உந்தப் பீப்பாயைக் கட்டிப்பிடிச்சா மழை நிக்குமோ?"

"அண்ணை, மண்டபம் துணி போட்ட மண்டபம். கூடையோட ஆரையும் விட ஏலாது. விட்டா முதலாளியம்மா வந்து என்னைக் கொல்லுவா. அதுக்கு முதல் அந்தக் கிழவர் கொல்லுவார். அது அவருக்குக் குடுத்த மண்டபம். விடாட்டி அந்தப் பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும். கிழவருக்கு பஸ் வராதெண்டு இன்னும் சொல்லேல்லை. நான் சட்டி கழுவவே வாறன் அண்ணை, எனக்கு அந்தச் சட்டிகளைத் தெரியும்."

"சட்டி கழுவ வாறதெண்டா வா. ஆனா மேல போய்த்தான் அடுப்படிக்கு வரவேணும். இதுக்குள்ளால பாதை இல்லை."

உண்மை. நிலவறைக்கு ஒரு வழிதான். படியேறினேன். ஏறும்போது, அண்ணை சொன்னதில் இல்லாத ஒன்று, நான் சொன்னதில் இருந்த ஒன்று, தலைக்குள் திரும்ப வந்தது: அது அவருக்குக் குடுத்த மண்டபம். அப்படியென்றால் நான் ஏன் முதலாளியம்மாவையும் ராசாவையும் நினைத்துப் பதறுகிறேன்? வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதுதானே?

மண்டபத்துக்குள் போனேன். கிழவர் கடிகாரத்தில் இருந்து தலையை எடுக்கவில்லை. ஆகவே மனைவியிடம் போனேன். கரும்பச்சைச் சட்டை, நெஞ்சில் ஒரு வெள்ளிப் பூ. எதிரே இருந்த வெற்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களில் மிஞ்சியவற்றைப் பொறுக்கி எடுத்துச் சொன்னேன்.

"அம்மா, பஸ் வராது. மரம் விழுந்திட்டுது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, ஆனா வராது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "என்ர தங்கச்சி அந்த பஸ்ஸில," என்றார். பிறகு, "சரி. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத்தானே."

"வாசலில கொஞ்சச் சனம் நனையுது. கைக்குழந்தையும் இருக்கு. அவையின்ர சாப்பாடு அவையட்டை இருக்கு, அதுதான் உள்ளுக்கு வராமல் நிக்கினம். மண்டபம் இண்டைக்கு உங்கட. என்ன செய்ய?"

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார்.

"எங்கட கல்யாணமும் இந்த மண்டபத்திலதான்," என்றார். "போர் முடிஞ்ச நேரம். சத்திரத்தில ஒண்டுமில்லை. வந்த சனம் எல்லாம் அவையவையின்ர உருளைக்கிழங்கோடதான் வந்தவை. துணியும் இல்லை. இருந்த துணியெல்லாம் சட்டை தைச்சாச்சு." புருசனின் கையைத் தட்டினார். "கேட்டியளோ? பஸ் வராது. கூடைக்காரர் வாறினம்."

கிழவர் முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டார். "எந்தப் பிளாட்போமில?" என்றார்.

அதுதான் சம்மதம்.

காலியாக இருந்த பக்கத்துக்குப் போனேன். துணி இருக்கும்வரை ஒருவரும் வரமாட்டார்கள். என் கண்முன் பெரியக்காவின் அந்த இழுவை வந்தது. எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! நுனியைப் பிடித்தேன். ஒரே இழுவை.

பெரியக்கா இழுத்த மேசைகளில் தட்டு இருக்கவில்லை என்பது, தட்டுகள் நிலத்தில் விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

குழந்தைகூட அழுகையை நிறுத்தியது. வாசலில் பெரியக்காவின் வாய் திறந்தது. முதலாளியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து, திரும்ப மூடியது. அந்த வாயை மூட அவர் பட்ட பாடு, கால் முறிந்தபோதுகூடப் பட்டிருக்கமாட்டார்.

"ஓம்," என்றேன் எல்லோருக்கும் பொதுவாக.

ஸ்டேஷன் மாஸ்டர் எழும்பினார். உடைந்த தட்டுகளைப் பார்த்தார். இந்த நாட்டில் கல்யாணத்துக்கு முதல்நாள் வீட்டு வாசலில் பீங்கான் உடைப்பார்கள், தெரியும்தானே? உடைத்தால் நல்லது நடக்குமாம். உடைந்ததை மாப்பிள்ளையும் பொம்பிளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும்.

"எங்களுக்கு ஆரும் உடைக்கேல்லை," என்றார் கிழவர். "அந்த நேரம் ஆரிட்டையும் மேலதிகமாத் தட்டு இருக்கேல்லை." என்னைப் பார்த்து, "ஐம்பது வருசம் லேற். பரவாயில்லை. தும்புத்தடியைக் கொண்டு வா."

இரண்டு பேரும் சேர்ந்து கூட்டினார்கள். அவர் கூட்ட, மனைவி அள்ள, "இஞ்சை ஒரு துண்டு விட்டிட்டியள், கண் தெரியாதே?" என்று அவருக்குப் பேச்சும் விழுந்தது. மண்டபம் கைதட்டியது. நான் மற்றத் துணிகளை, தட்டுகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மடித்து மடித்து எடுத்தேன். வாசலில் நின்ற சனம் மேசைப் பலகை தெரிவதைக் கண்டது. அதற்குமேல் நான் ஒருவரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கூடைகள் தாமாக உள்ளே வந்தன.

மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிய முதல் வெளியே மின்னல். ஜன்னலால் பார்த்தால், தோட்டத்து நடு மரத்தடியில் ஆட்கள்!

ஊர்க் கிழவர்கள். அவர்களுக்கென்று அங்கே ஒரு நிரந்தர மேசை உண்டு. ஸ்டம்டிஷ் என்பார்கள். நடுவில் மேசையின் பெயர் எழுதிய சின்னப் பித்தளைப் பலகை ஒன்று நிற்கும். அந்த மேசையில் வேறு எவரும் இருக்க முடியாது. அவர்களும் வேறு எந்த மேசையிலும் இருக்கமாட்டார்கள். ஆலங்கட்டி தொப்பியில் பட்டுத் தெறிக்க, தலையை விட்டுவிட்டுக் குவளையை மட்டும் கையால் மூடிக்கொண்டு இருந்தார்கள்.

ஓடினேன். "உள்ளுக்கு வாங்கோ! மின்னுது!"

"எங்கட மேசை இஞ்சைதான் இருக்கு," என்றார் அவர்களில் மூத்தவர், ஒரு பழைய இறைச்சிக் கடைக்காரர்.

"மரத்தில இடி விழும்!"

"மரம் எங்களைவிட மூத்தது. அதுக்கு யோசனை இருக்கும்."

அந்த மேசையைத் தூக்க ஏலாது. ஒரு மரத்தையே அறுத்துச் செய்தது. அப்போது என் கை என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது. பித்தளைப் பலகையைத் தூக்கியது. தூக்கிக்கொண்டு நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நாற்காலிகள் உரசின. தேருக்குப் பின்னால் வருகிற மாதிரி, குவளைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். மண்டபத்தில் ஒரு வெறும் மேசையில் பலகையை வைத்தேன். சுற்றி இருந்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் மேசையைத் தடவிப் பார்த்து, "இது கொஞ்சம் ஆடுது," என்று முறைப்பாடு வைத்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் சரி என்று பட்டது.

பிறகு என்ன? பஸ்ஸில் வராதவர்களுக்காக வைத்திருந்த பன்றி வாட்டலைக் கிழவர் வெறும் மேசைப் பக்கம் அனுப்பச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்து முள்ளங்கியும் சீஸும் வெள்ளைத் துணிப் பக்கம் வந்தன. கைக்குழந்தை பொன்விழாப் பொம்பிளையின் மடியில், வெள்ளிப் பூவைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னார் அண்ணைகூட அடுப்படியை விட்டு வந்து, தன் கோழிகளை ஆர் சாப்பிடுகிறார்கள் என்று முதல் தடவையாக எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் முதலாளியம்மா நின்றார்.

பட்டுச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முத்துமாலையில் ஒரு இலை. மண்டபத்தைப் பார்த்தார். பாதி மேசைக்கு வெள்ளைத் துணி, பாதி மேசைக்கு வெறும் பலகை. நாய்கள். நாற்காலிகளில் காயப்போட்ட காலுறைகள். மூலையில் குவித்த உடைந்த பீங்கான். தோட்டத்தை விட்டு அசையாத பித்தளைப் பலகை, மண்டபத்துக்குள்.

"இதென்ன?" என்றார்.

"ஓம்," என்றேன்.

பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தார். பெரியக்கா இரண்டு கையையும் விரித்தார். "நான் வாயைத் திறக்கேல்லை."

நிலவறைப் பக்கம் என் கால்கள் திரும்புவது எனக்கே தெரிந்தது. ஆனால் வழியில் முதலாளியம்மா நின்றார். அவர் நடக்கத் தொடங்கினார். வெள்ளைத் துணிப் பக்கம், பொன்விழாத் தம்பதிக்குப் பக்கத்தில், வீட்டுக்காரியாக அவர் போய் இருக்க வேண்டிய நாற்காலி ஒன்று இருந்தது. அங்கே நின்று இரண்டு பேருக்கும் கைகொடுத்தார். இருக்கவில்லை. துணி முடிகிற இடத்தைத் தாண்டி, வெறும் பலகை ஒன்றின் ஓரத்தில், ஒரு நனைந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் போய்த் தொப்பென்று இருந்தார். தோற்பையைத் திறந்தார். காலையில் சுற்றி வைத்த அதே கடதாசிப் பார்சலை எடுத்து வைத்தார்.

"அங்கை எல்லா மேசையிலயும் துணி," என்றார். "இதைத் திறக்கவே ஏலாமல் போச்சு. அவன்ர குழம்பைப் பாத்துக்கொண்டு பசியோட இருந்தன்." பிறகு என்னைப் பார்த்தார். "என்ன பாக்கிறாய்? பியர்."

பறந்து போய்க் கொண்டுவந்தேன். முதலாளியம்மா அல்லவா? வெறும் பலகையில் எப்படி வைப்பது? தோளில் கிடந்த சுத்தமான துணியை எடுத்து அவருக்கு முன்னால் விரிக்கப் போனேன்.

கையில் பளீரென்று ஒரு அடி விழுந்தது.

"எடடா துணியை," என்றார் முதலாளியம்மா. "நான் சாப்பாட்டோட வந்திருக்கிறன்."

அடுத்த ஞாயிறு தோட்டத்தை நான்தான் திறந்தேன். சிவந்த கையோடு.